மார்குவுக்கு ஒரு கிளாஸ் தண்ணீர்

ஒரு கிளாஸ் தண்ணீர் கேட்டதற்கு ஸம்பிலாவின் முன்பல் இரண்டு போயின. அடித்தவன் தோரெல். போயெனி கிராமத்துப் பேருந்து நிறுத்தத்தை ஒட்டி மதுக்கடை நடத்துகிறவன். கையால் அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை, அடிப்பாகம் கனத்த பீர் கிளாஸால் அடித்தான். "கண்ணாடி கிளாஸ்லதானே வேணும்ன? இந்தா, வச்சுக்க!" என்று சொல்லிக்கொண்டே அவள் வாயில் இறக்கினான். ஒரு பல் மேஜைமேல் விழுந்து உருண்டது. இன்னொன்றை அவள் விழுங்கியிருந்தாள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

வியாழக்கிழமை, சந்தை நாள், நடுப்பகல். கடை நிறைய ஆட்கள். ஒருத்தனாவது எழுந்திருக்க வேண்டுமே! ஒருத்தன் சிரித்தான். மற்றவர்கள் தங்கள் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோரெலின் பெண்டாட்டி சில்வியா மட்டும் ஈரத்துணி ஒன்றை எடுத்து வந்தாள். எடுத்து வந்து மேஜையைத் துடைத்தாள்.

ஸம்பிலாவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. அலுமினியப் பானைகளை முதுகில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவாள். பானையைக் கொடுத்துவிட்டு, பழைய மெத்தை தலையணைகளிலிருந்து வாத்து இறகை வாங்கி வருவாள். அதுதான் பிழைப்பு. நாய்க்கடி மட்டும் ஏழு வாங்கியிருக்கிறாள். அதில் மூன்று, வீட்டுக்காரர்களே சங்கிலியை அவிழ்த்துவிட்டது. ஆறு வயதில் தலையில் பேன் என்று சொல்லிப் பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சுக்குத் துரத்தினார்கள். பேன் இருந்தது வாத்தியார் மகளின் தலையில். மூத்த பிள்ளையை ஆஸ்பத்திரி நடையில் பெற்றாள். ஜிப்ஸிகளுக்கென்று ஒதுக்கிய அறையில் இரண்டே கட்டில், இரண்டிலும் ஆள். பக்கத்து அறையில் ஆறு கட்டில் காலியாகக் கிடந்தது. டவுனில் கடைக்குள் நுழைந்தால் காவல்காரன் அவள் பின்னாலேயே வருவான். அவள் சட்டென்று திரும்பி, "என்னப்பா, வந்ததுலேர்ந்து பின்னாடியே சுத்துற, என் பொண்ணக் கேக்க வந்தியா?" என்பாள். கடையே சிரிக்கும், அவன் காது சிவந்துபோகும். அப்படி ஒரு வாய் அவளுக்கு. அந்த வாயைத்தான் தோரெல் உடைத்தான்.

அந்தக் கடையில் கிராமத்தாருக்குக் கண்ணாடி கிளாஸ், ஜிப்ஸிகளான எங்கள் ஆட்களுக்கு பிளாஸ்டிக் கப். முப்பது வருஷமாக அப்படித்தான். உண்மையைச் சொன்னால் எங்களில் யாரும் அதற்காகச் சண்டைக்குப் போனதில்லை. எங்களவர் அல்லாதவரை நாங்கள் கஜோ என்போம். கஜோக்களைச் சுத்தமானவர்கள் என்று நாங்கள் எப்போது நினைத்தோம்? ஒரே தொட்டியில் முகம் கழுவுவார்கள், அதிலேயே உள்பாவாடையை அலசுவார்கள், அதிலேயே சாப்பிட்ட தட்டையும் போடுவார்கள். சீ! எங்கள் வீட்டில் மேல்துணிக்கு ஒரு தொட்டி, இடுப்புக்குக் கீழே உடுத்துவதற்கு ஒரு தொட்டி, பாத்திரத்துக்குத் தனித்தொட்டி. தப்பித்தவறி மாறிவிட்டால் பாத்திரத்தைத் தூக்கி எறிய வேண்டியதுதான். கஜோ வாய் வைத்த கிளாஸில் நாங்கள் வாய் வைப்பதா என்று எங்கள் கிழவர்கள் பிளாஸ்டிக்கில் சந்தோஷமாகக் குடித்தார்கள். அவர்கள் எங்களை அழுக்கு என்றார்கள், நாங்கள் அவர்களை அழுக்கு என்றோம், இரண்டு பக்கமும் திருப்தி. ஸம்பிலாவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள், மார்கு சாகிறவரைக்கும்.

மார்கு அவள் புருஷன். போன வருஷம் அக்டோபரில் பேருந்துக்குக் காத்திருந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சிலிருந்து சரிந்தான். ஸம்பிலா கடைக்குள் ஓடினாள். "தண்ணி! ஒரு வாய் தண்ணி குடும்மா, எம் புருஷன் விழுந்துட்டாரு!"

சில்வியா பதறிப்போய்க் குனிந்து மேஜைக்கு அடியில் தேடினாள். பெட்டிகளைப் புரட்டினாள். பின்கட்டுக்கு ஓடித் தேடினாள். திரும்பி வந்து, "கப் தீர்ந்துடுச்சே" என்றாள்.

அவள் தலைக்கு மேலே அலமாரியில் கண்ணாடி கிளாஸ்கள் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. பதினெட்டு. அந்த நேரத்தில் எதற்கு எண்ணினாளோ, அந்த எண் ஸம்பிலாவுக்கு மறக்கவே இல்லை. இரண்டு கைகளையும் குவித்து நீட்டி, "கையில ஊத்துடி!" என்று அலறினாள். சில்வியா ஊற்றினாள். வாசலைத் தாண்டுவதற்குள் பாதி சிந்திவிட்டது. மிச்சத்தை அவன் முகத்தருகே கொண்டுபோனபோது வாய் திறந்துதான் இருந்தது, மூச்சு இல்லை.

துக்க வீட்டில் ஸம்பிலாவின் தம்பி நியாகு சொன்னான்: "கிளாஸ்ல குடுத்திருந்தா மட்டும் மாமா குடிச்சிருப்பாராக்கும்? கஜோ கிளாஸுன்னு மூஞ்சியத் திருப்பியிருப்பாரு."

"திருப்பட்டும்டா. வேணாம்னு சொல்றது அவரு இஷ்டம். சாகுற மனுஷனுக்கு எதுல ஊத்துறதுன்னு தேடிக்கிட்டிருந்தா பாரு, அது எனக்கு ஆற மாட்டேங்குது."

செத்தவர்களின் தாகம் தீர நாற்பது நாள் வீடு வீடாகத் தண்ணீர் சுமந்து கொடுப்பது எங்கள் பெண்களின் வழக்கம். ஸம்பிலாவும் சுமந்தாள். நாற்பது நாளும் முடிந்த பிறகும் மார்கு தாகத்தோடு கிடக்கிறான் என்றே அவளுக்குத் தோன்றியது. அடுத்து வந்த வியாழக்கிழமை நேராகத் தோரெல் கடைக்குப் போய், கண்ணாடி கிளாஸில் தண்ணீர் கேட்டாள். பிளாஸ்டிக் வந்தது. தொடாமல் திரும்பினாள். அதற்கடுத்த வியாழனும் போனாள். பனியிலும் போனாள், சேற்றிலும் போனாள். முதலில் சிரித்தார்கள். பிறகு கப்பில் துப்பி வைத்தார்கள். புகார் கொடுக்கப் போனவளின் கன்னத்தில் போலீஸ்காரர் ஒன்று வைத்து, "பறந்து போடி காக்கா" என்றார். எங்களைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் விடவில்லை. டவுன் தபாலாபீசில் ஒரு பெண்ணைப் பிடித்துத் தலைநகருக்கு மனு எழுத வைத்தாள். ஆறு மாதம் கழித்து, செப்டம்பரில், பதில் வந்தது. கடைக்கு அபராதம், இனி எல்லோருக்கும் ஒரே கிளாஸ் வைக்க வேண்டும் என்று உத்தரவு. அதே நாள் தோரெலுக்கும் தபால் வந்தது. அந்த வியாழன்தான் பல் போன வியாழன்.

எங்கள் குடியிருப்பு ஆற்றங்கரையில், முப்பத்திரண்டு வீடு. ஸம்பிலா தலைத்துணியால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்புறமாக வந்தாள். யாருக்கும் தெரியாமல் படுத்துவிடலாம் என்பது அவள் எண்ணம். நியாகு கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருந்தான்.

"என்னக்கா அது? துணிய எடு."

"வழியில விழுந்துட்டேன்டா."

அவன் துணியை விலக்கினான். குதிரைக்கு லாடம் கட்டுகிற அந்தத் தடித்த விரல்களால் உதட்டிலிருந்து ஒரு கண்ணாடிச் சில்லைப் பக்குவமாக உருவி எடுத்தான். வெயிலில் பிடித்துப் பார்த்தான்.

"வழியில கண்ணாடி முளைச்சிருக்கோ?" என்றான். கோடாலியோடு கிளம்பினான். தெருவில் அவன் நடந்த நடையைப் பார்த்தே பதினைந்து இருபது பேர் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு பின்னால் போனார்கள்.

ஸம்பிலா பிறந்த ஊர் பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அவளுக்கு இருபத்து நாலு வயதாகும்போது அங்கே ஒரு கைகலப்பில் கிராமத்தான் ஒருவன் கத்திக்குத்தில் செத்தான். கோயில் மணி அடித்தார்கள். ஊரே பெட்ரோல் கேனோடு வந்தது. குத்தினவன் ஓடிவிட்டான், குத்தாதவர்கள் வீடு எரிந்தது. துணியில் தீப்பிடித்து வெளியே ஓடிவந்த அவள் சித்தப்பாவை, வைக்கோல் வாரும் கவைக்கம்பால் குத்தி மறுபடி உள்ளே தள்ளினார்கள். அவர் போட்ட சத்தத்தை அவள் சோளக்காட்டுக்குள் படுத்துக்கொண்டு கேட்டாள். போலீஸ் சாலையில் நின்று வேடிக்கை பார்த்தது. ஒருத்தனும் ஜெயிலுக்குப் போகவில்லை. இப்போது தோரெல் செத்தால், பொழுது சாய்வதற்குள் ஆற்றங்கரையில் ஒரு வீடு மிஞ்சாது. அவளுக்கு அது கையில் எழுதித் தந்த மாதிரி தெரியும்.

வாயில் துணியை அடைத்துக்கொண்டு ஓடினாள். பாதி வழியில் கோயில் மணி அடிக்க ஆரம்பித்தது.

போய்ச் சேர்ந்தபோது கடைமுன் சண்டை முற்றியிருந்தது. சைக்கிள் சங்கிலி ஒன்று சுழன்று ஸம்பிலாவின் மருமகன் முகத்தில் விழுந்து காதைக் கிழித்தது. எங்கள் ஆள் ஒருவன் பெஞ்சின் காலைப் பிடுங்கி ஒரு கிராமத்தானின் முழங்காலில் போட்டான். எலும்பு முறிந்த சத்தம் சாலைக்கே கேட்டது. சந்தைக்கு வந்த தக்காளிக் கூடைகள் சரிந்து, எது தக்காளி எது ரத்தம் என்று தெரியாமல் மிதிபட்டது. "காக்காக் கூட்டத்தக் கொளுத்துங்கடா!" என்று ஒருவன் கத்தினான். கொளுத்துவதற்கு ஆள் தயாராகவே நின்றிருந்தான், டிராக்டர் பக்கத்தில், கையில் கேனோடு.

நியாகு யாரையும் பார்க்கவில்லை. அவனுக்கு வேண்டியது தோரெல். கடைக்குள்ளிருந்து தலைமுடியைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தான். தோரெல் தடுக்கக் கையைத் தூக்க, கோடாலியின் பின்புறத்தால் ஒரே போடு. முழங்கைக்குக் கீழே கை தொங்கிவிட்டது. கீழே தள்ளி, நெஞ்சில் முழங்காலை ஊன்றினான். கோடாலியைத் திருப்பிப் பிடித்தான். இப்போது கூர்ப்பக்கம் கீழே.

"நியாகு! வேணான்டா! விடுடா!"

"இவன் வாயத் தொறக்கச் சொல்லுக்கா. பல்ல எண்ணிட்டு விடுறேன்."

எங்கள் பெண்களிடம் ஓர் ஆயுதம் உண்டு. இரண்டு ஆண்கள் வெட்டிக்கொள்ளப் போனால், நடுவில் ஒரு பெண் வந்து பாவாடை நாடாவில் கை வைத்தால் போதும். பயில்வான்கள்கூடத் தலைதெறிக்க ஓடுவார்கள். ஏனென்றால் பெண் உடுத்திய பாவாடை ஆணின் தலையில் பட்டுவிட்டால் அவனுக்குத் தீட்டு. அப்புறம் அவனோடு யாரும் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள், கை குலுக்க மாட்டார்கள், சொந்தப் பெண்டாட்டியே வீட்டுத் தட்டில் சோறு போட மாட்டாள். பெரியவர்கள் கூடித் தீட்டை விலக்கும்வரை அவன் செத்தவனுக்குச் சமம். அதனால் பெண்கள் மிரட்டுவார்களே தவிர வீச மாட்டார்கள். எங்கள் குடியிருப்பில் யாரும் வீசி யாரும் பார்த்ததில்லை.

ஸம்பிலா நாடாவில் கை வைத்தாள். "பாவாடைடா நியாகு! கழட்டுறேன், பாரு!"

எங்கள் ஆட்கள் சிதறினார்கள். நியாகுவும் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். பார்த்துவிட்டுக் கோடாலியை ஓங்கினான்.

அவள் மேல்பாவாடையை உருவித் தம்பியின் தலையில் வீசினாள்.

அது அவன் தலையை மூடி, தோளில் வழிந்து, கீழே கிடந்த தோரெலின் முகத்தின் மேலும் விழுந்தது. கோடாலி நழுவி மண்ணில் குத்தியது. நியாகு துணிக்குள்ளேயே அப்படியே உட்கார்ந்திருந்தான். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. அவன் அழுது அவள் கேட்டதே இல்லை, அதனால் முதலில் அவளுக்கு அது என்னவென்று புரியவில்லை.

"காக்கா துணிய அவுத்துட்டா டோய்!" என்று ஒரு கிராமத்தான் கைதட்டினான். எங்கள் ஆட்கள் நியாகுவிடமிருந்து பின்வாங்கி விலகினார்கள். காது கிழிந்த மருமகன்கூடத் திரும்பிப் பார்க்காமல் போனான். எதிரில் ஆளில்லாமல் கிராமத்தாரும் நின்றுவிட்டார்கள். கேன் வைத்திருந்தவன் தோரெலை எட்டிப் பார்த்தான். தோரெல் முனகிக்கொண்டிருந்தான். பிணம் விழவில்லை, கொளுத்துவதற்குக் காரணம் கிடைக்கவில்லை. ஆத்திரம் தீர யாரோ எறிந்த கல் ஸம்பிலாவின் புருவத்தைப் பிளந்தது. உள்பாவாடையோடு, கண்ணில் ரத்தம் இறங்க, தம்பி எழுந்து போகும்வரை அவள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. எல்லாம் முடிந்த பிறகு போலீஸ் வந்தது, இரண்டு பக்கமும் அடிபட்டிருக்கிறது என்று யாரையும் பிடிக்காமல் திரும்பியது.

வீடுகள் எரியவில்லை. நியாகு குதிரைக் கொட்டிலுக்குக் குடிபோனான். அவன் பெண்டாட்டி சோளக்களியைத் தூர வைத்துக் கம்பால் தள்ளிவிடுவாள். தள்ளிவிட்டுத் தலைத்துணியில் முகத்தைப் பொத்திக்கொண்டு ஓடுவாள். குடிக்கத் தண்ணீர் பிளாஸ்டிக் கப்பில் வந்தது. குடித்ததும் எறிந்துவிட வேண்டும்.

ஸம்பிலா பார்க்கப் போனபோது அவன் கப்பைத் தூக்கிக் காட்டினான். "பாத்தியாக்கா, தோரெல் கடையில வச்ச அதே கப்பு. சந்தோஷம்தானே?"

"முப்பத்திரண்டு வீடும் போயிருக்கும்டா."

"போகலல்ல? எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்குள்ள இருக்காங்க. நான்தான் குதிரையோட இருக்கேன். அவன வெட்டியிருந்தா ஜெயிலுக்குப் போயிருப்பேன். அங்கயாவது நாலு பேரோட உக்காந்து தின்னிருப்பேன்."

அவள் பல் போன இடத்தில் நாக்கை வைத்துக்கொண்டு அழுதாள்.

பெரியவர்கள் பாதிப் பேர் வியாபாரத்துக்கு வெளியூர் போயிருந்தார்கள், பனி கரைந்த பிறகுதான் கூடுவோம் என்று சொல்லியனுப்பினார்கள். அதற்குள் மார்குவின் வருஷ நினைவு நாள் வந்தது. அன்றைக்குச் செத்தவருக்குப் பதிலாக உயிரோடிருக்கும் ஒருவர் புதுத்துணி உடுத்தி உண்ண வேண்டும், குடிக்க வேண்டும். நியாகு என்று முன்பே முடிவாகி, தொப்பியும் கோட்டும் வாங்கி வைத்தாயிற்று. "வேற ஆளப் பாரு ஸம்பிலா. தீட்டுக்காரன் கையால எப்படி?" என்றார்கள்.

"எம் புருஷனுக்கு யாரு குடிக்கணும்னு நான் சொல்றேன்," என்றாள் அவள்.

அந்த நாளும் வியாழக்கிழமைதான். புதுக் கோட்டும் தொப்பியுமாக நியாகுவைத் தெரு நடுவே நடத்திக் கூட்டிவந்தாள். பேருந்து நிறுத்தத்து பெஞ்சில் எங்கள் பெண்கள் நாலு பேர் இருந்தார்கள். அவனை வெளியே நிறுத்திவிட்டுக் கடைக்குள் போனாள். தோரெல் கையில் மாவுக்கட்டோடு மூலையில் இருந்தான். அவளைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"தண்ணி. கண்ணாடி கிளாஸ்ல," என்றாள் சில்வியாவிடம்.

சில்வியா அலமாரியிலிருந்து ஒரு கிளாஸை எடுத்தாள். நிறைய ஊற்றி வைத்தாள். விளிம்பு வழிந்து மேஜையில் சிந்தியது. "அன்னிக்கு... சத்தியமா எனக்கு இது தோணவே இல்லம்மா. மேல பாக்கவே தோணல."

"தெரியும்டி. அதத்தான் ஒரு வருஷமா வந்து சொல்லிக்கிட்டிருக்கேன்."

கிளாஸை வெளியே எடுத்து வந்தாள். மார்கு விழுந்த இடத்தில் கொஞ்சம் ஊற்றினாள். பிறகு தம்பியிடம் நீட்டினாள்.

"கஜோ கிளாஸுக்கா," என்றான் நியாகு. சிரித்தானா அழுதானா, முகம் கோணிக்கொண்டது.

"ஒனக்கு இனிமே புதுசா என்னடா தீட்டு வரப்போகுது. மாமாவுக்குத் தாகம், குடி."

பாதி குடித்தான். அவள் கிளாஸுக்குக் கை நீட்டினாள். அவன் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டான். "வேணாக்கா. என் எச்சி. நீயும் வெளிய போயிருவ."

"குடுடா."

பிடுங்கி, அவன் வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்துக் குடித்தாள். பல் இல்லாத சந்தில் தண்ணீர் ஒழுகி மோவாயில் இறங்கியது. பெஞ்சில் இருந்த நாலு பெண்களும் எழுந்து தள்ளிப் போய் நின்றார்கள். "என்ன காரியம்டி பண்ணிட்ட! இனி உன் வீட்டுல நாங்க கை நனைக்க முடியாதே!" என்று ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

"நனைக்க வேணாம்டி. கொட்டில்ல எனக்கும் சேத்து ஒரு கப்பு வைங்க. பெரியவங்க கூடட்டும், ரெண்டு பேரையும் வச்சுப் பேசட்டும்."

அவள் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே நடக்க ஆரம்பித்தாள். கடை வாசலிலிருந்து தோரெல் கத்தினான்: "ஏய்! கிளாஸக் குடுத்துட்டுப் போ!"

"கழுவித் தர்றேன்! உன் தொட்டியில இல்ல, எங்க வீட்டுல!"

அடுத்த வியாழன் சொன்னபடி கொண்டுபோய்க் கொடுத்தாள், பாத்திரத் தொட்டியில் மூன்று தண்ணீர் விட்டுக் கழுவி. தோரெல் மூலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். சில்வியா அதை வாங்கினாள். மறுபடி கழுவவில்லை. மற்ற கிளாஸ்களோடு சேர்த்து அலமாரியில் கவிழ்த்து வைத்தாள்.